முப்பத்தொன்றாவது கம்பெனி

சாவி குமரவேலிடம் இருக்கிறது அம்மணி. பேங்க் வரைக்கும் போயிருக்கிறான், இதோ வந்துவிடுவான். அதுவரைக்கும் இப்படி ஃபேனுக்கு அடியில் உட்காருங்கள். இல்லையில்லை, அந்தப் பக்கம் போகாதீர்கள். அது மோல்டிங் ஷாப் பெண்கள் போகிற பாத்ரூம். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதோ என்னவோ, நான் போய்ப் பார்த்ததில்லை. உங்களுக்கென்று தனியாகவே கட்டி வைத்திருக்கிறேன். உங்களுக்கு என்றால், உங்களைப் போல மியூச்சுவல் ஃபண்டிலிருந்து வருகிறவர்களுக்கு. தரை முழுக்க ராஜஸ்தான் மார்பிள். யாராவது உள்ளே போய் அசிங்கப்படுத்திவிடக் கூடாதே என்று பூட்டியே வைத்திருக்கிறோம்.

அவசரமா? ஐந்து நிமிஷம் பொறுங்கள். டீ சொல்லட்டுமா? வேண்டாமா? அதுவும் சரிதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நானூற்று முப்பது ரூபாய்க்குப் போன பங்கு எப்படி எண்பதுக்கு வந்தது என்றுதானே கேட்டீர்கள்? ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். மாப்பிள்ளை.

எழுதிக்கொள்ளாதீர்கள், முழுக்கக் கேளுங்கள். மாப்பிள்ளை என்றால் என் மகளைக் கட்டியவர் இல்லை. எனக்கு மகள் கிடையாது. என் தங்கச்சி தெய்வானையைக் கட்டியவர், குழந்தைவேல். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். உங்களுக்குத் திருச்சி இல்லையா, அதனால் சொல்கிறேன். நல்ல மனுஷன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆனால் ஒரு கம்பெனியைச் சாய்க்கக் குடியும் சீட்டும் வேண்டுமா என்ன?

அந்த டிவி இருக்கட்டும் அம்மணி, அணைக்காதீர்கள். சத்தம் வராது. கீழே வலது மூலையில் பச்சையாக ஓடுகிறதே, அது எங்களுடையது. நொய்யலாத்தா வால்வ்ஸ். நூற்றுப் பதிமூன்று இருபது. காலையில் நூற்றுப் பன்னிரண்டு சொச்சம் இருந்தது. நீங்கள் கேட்டுக்குள் நுழைந்த நேரம் ஏற ஆரம்பித்தது. ராசியான கால்.

இந்தக் கம்பெனி எங்கள் அப்பா ஆரம்பித்தது. தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற வால்வு. திருகினால் தண்ணீர் வரும், திருப்பித் திருகினால் நிற்கும். அவ்வளவுதான் வால்வு. இதில் பேச என்ன இருக்கிறது என்று அப்பா யாரிடமும் பேசவே மாட்டார். எல்லாரும் பங்கு வெளியிட்ட காலத்தில் அவரும் வெளியிட்டார். வாங்கினவர்களெல்லாம் ஊர்க்காரர்கள். வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை மீட்டிங்குக்கு வருவார்கள், ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் வாங்கிக்கொண்டு போவார்கள். விலை நூற்று நாற்பது. வருஷக்கணக்கில் அதே நூற்று நாற்பது. ஒரு நாளைக்கு இருநூறு பங்கு கைமாறினால் அன்றைக்குத் தேர்த்திருவிழா என்று அர்த்தம்.

அப்படி இருக்கும்போதுதான் பம்பாயிலிருந்து கார்வே வந்தார். பெரிய ஃபண்டு ஒன்றுக்கு மேனேஜர். பேர் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாற்பது வயதுகூட இருக்காது. சட்டையை உள்ளே விடவில்லை, காலில் விளையாட்டு ஷூ. இவரா இத்தனை ஆயிரம் கோடியைப் பார்த்துக்கொள்கிறார் என்று எனக்குத் திகைப்பாகப் போய்விட்டது. உலையைக் காட்டினேன், மெஷின் ஷாப்பைக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கடைசியில், "தொழிலாளிகளோட டாய்லெட்டைப் பார்க்கலாமா?" என்றார்.

ஒரு கம்பெனியின் யோக்கியதை அங்கேதான் தெரியுமாம். நான் சமாளித்துவிட்டேன். "இன்னிக்கு ரிப்பேர் வேலை நடக்குதுங்க, அடுத்த தடவை பாக்கலாம்" என்று சொல்லி, அவர் திரும்பி வருவதற்குள் இந்த பாத்ரூமைக் கட்டி முடித்தேன். பதினாறு லட்சம். தொழிலாளி என்று அவர் ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பார். பெரிய மனிதர்கள் தங்களுக்கு வேண்டும் என்று நேராகக் கேட்பார்களா? நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் அவர் வரவே இல்லை. ஆனால் வாங்க ஆரம்பித்துவிட்டார்.

அது ஒரு காலம் அம்மணி. சந்தையில் பங்கு இருந்ததே கொஞ்சம், எல்லாம் பீரோவில். இவருக்குப் பத்து லட்சம் பங்கு வேண்டும். பீரோவைத் திறக்க வைக்க வேண்டுமானால் விலையை ஏற்றித்தானே கேட்க வேண்டும்? ஏற்றிக் கேட்டார்கள். நூற்றறுபது, இருநூறு, இருநூற்று நாற்பது. ஏறுகிறதைப் பார்த்து மற்றவர்களும் வந்து விழுந்தார்கள். முந்நூறு, முந்நூற்று ஐம்பது. அந்த நாட்களில் நான் தேதி பார்ப்பதையே விட்டுவிட்டேன். எது எப்போது நடந்தது என்று கேட்டால் விலைதான் ஞாபகம் வரும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் பண்ணியது இருநூற்றெழுபதில். என் மனைவியோடு காசிக்குப் போய் வந்தது முந்நூற்றிருபதில்.

எங்கள் கம்பெனி செக்ரட்டரிதான் குமரவேல், இப்போது சாவியோடு வரப்போகிறவன். அவன் அப்போதே ஒன்று சொன்னான். "அண்ணா, வாசல் சின்னதுங்ண்ணா, வர்ற ஆளு பெருசு. உள்ள வர்றப்ப கதவு நெலவு இடிஞ்சுதுன்னா, வெளிய போறப்பவும் இடியும்."

"போறதப் பத்தி எதுக்குடா இப்பப் பேசற? வாய வச்சுட்டுச் சும்மா இரு" என்றேன்.

ஏன் ஏறுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. வால்வு அதே வால்வு. உலை அதே உலை. இடையில் மாறினது என்ன? அப்பா போனார், நான் வந்தேன். நான் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது, அது வேறு விஷயம். சந்தை மெதுவாகத்தான் ஒரு ஆளைப் புரிந்துகொள்ளும். இருந்தாலும் ஒரு தடவை கார்வேயிடம் போனில் கேட்டுவிட்டேன், எங்களிடம் அப்படி என்ன பார்த்தீர்கள் என்று. அவர் சிரித்துக்கொண்டே, "பணம் நிறைய வந்துட்டே இருந்தது சார். எங்கேயாவது போட்டாகணும்" என்றார். எவ்வளவு அடக்கம் பாருங்கள்.

ஊரில் மரியாதை கூடிவிட்டது. பேங்க் மேனேஜர் தீபாவளிக்கு அவரே ஸ்வீட் பெட்டியோடு வந்தார். அதுவரைக்கும் நான்தான் கொண்டுபோவேன். ஒரு இன்ஜினியரிங் காலேஜில் 'தலைமைப் பண்பு' என்று பேசக் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம் பேசினேன். வால்வு என்ற வார்த்தையே வரவில்லை, அப்படிப் பேசினேன்.

தொழிலாளிகளுக்கும் இதில் ஒரு பங்கு வேண்டாமா? கேன்டீனில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். முதல் நாள் விலை ஏறியிருந்தால் அடுத்த நாள் மதியம் பாயசம். இறங்கியிருந்தால் மோர். கேன்டீன் வேலாத்தாள் காலையிலேயே குமரவேலிடம் வந்து நிற்பாள். "இன்னிக்கு சேமியாவா, மோராங்க?" பாயசம் தின்று தின்று உலையில் நிற்கிறவனுக்கெல்லாம் தொப்பை. சம்பளம் ஏற்றக் கேட்டு யூனியன்காரர்கள் வந்தபோது, "அதான் தெனமும் பாயசம் ஊத்தறமே" என்றேன். அவர்களும் சிரித்துக்கொண்டுதான் போனார்கள். கொஞ்சம் ஒரு மாதிரியான சிரிப்பு.

நூற்றுப் பதிமூன்று எண்பது. பார்த்தீர்களா? நான் சொன்னேனே.

அப்போதெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஃபண்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து போனில் கேள்வி கேட்பார்கள். உங்களுக்குத் தெரியாததா? "அடுத்தது என்ன சார்? அடுத்தது என்ன?" இதே கேள்வி. வால்வு செய்து விற்பதுதான் அடுத்ததும் என்று சொன்னால் எதிர்ப்பக்கம் சத்தமே இருக்காது. அந்தச் சத்தமில்லாமை இருக்கிறதே, அது ஆளைக் கொன்றுவிடும். அதனால் பெருந்துறைப் பக்கம் இரண்டாவது பிளான்ட் என்று சொன்னேன். அன்றைக்கே பதினோரு ரூபாய் ஏறியது. சொல்லிவிட்டால் கட்ட வேண்டுமே. என் பங்குகளைப் பம்பாயில் ஒரு நிதி நிறுவனத்தில் அடமானம் வைத்துக் கடன் வாங்கினேன். நானூறு ரூபாய்ப் பங்கு, அதை வைத்தால் என்ன? தங்கத்தை வைப்பது மாதிரி. அவர்கள் காகிதத்தில், விலை முந்நூறுக்குக் கீழே போனால் விற்றுக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. இருக்கட்டும், எல்லாக் காகிதத்திலும் ஏதாவது ஒரு வரி இருக்கத்தான் செய்யும்.

இந்த நேரத்தில்தான் தெய்வானை மகள் சிந்துஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் வராமல் பெண்ணை மணவறைக்குக் கூட்டிவர மாட்டார்கள். மாமன் எடுத்த பட்டைத்தான் கட்டவேண்டும். நானே ஆர்.எஸ்.புரத்துக்குப் போய், கடையைப் புரட்டிப் போட்டு, ஒரு பட்டு எடுத்தேன். அரக்குச் சிவப்பு, கையகல ஜரிகை. நானூற்றுப் பத்தில் எடுத்தது. விலையைச் சொல்கிறேன், பட்டு விலை இல்லை.

அடுத்த வாரம் நானூற்று முப்பது. அதுதான் உச்சி. அன்றைக்குப் புரோக்கர் ஆபீஸிலிருந்து போன். "அண்ணா, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. உங்க மாப்பிள்ளை ரெண்டாயிரம் பங்க வித்துட்டாருங்க."

வித்துட்டார் அம்மணி. மண்டபத்துக்கும் சமையலுக்கும் பணம் வேண்டுமென்று.

மறுநாளிலிருந்து இறங்க ஆரம்பித்தது. ஒரு நாள் ஐந்து ரூபாய், ஒரு நாள் ஒன்பது, ஒரு நாள் பதினான்கு. யாரோ விற்றுக்கொண்டே இருக்கிறார்கள். வாங்க ஆளில்லை. வாங்குவதற்கு ஆள் வருகிற மாதிரி இருந்தால், அவன் தலையிலும் விற்கிறார்கள். கேன்டீனில் தினமும் மோர். ஒரு வாரத்துக்கு அப்புறம் வேலாத்தாள் கேட்பதற்குக்கூட வரவில்லை, அவளாகவே தயிர் வாங்க ஆரம்பித்துவிட்டாள்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "ஏனுங்க மாப்பிள்ளை, எங்கிட்டக் கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டனா?"

"அதுக்குத்தானுங்க மச்சான் கேக்கல. நீங்க குடுத்தா ஒரு மேடை போட்டுத்தான் குடுப்பீங்க."

"வூட்டு மாப்பிள்ளையே விக்கறான்னா அடுத்தவன் என்ன நெனப்பான்? கம்பெனில என்னமோ ஓட்டைன்னுதான?"

"ரெண்டாயிரம் பங்குக்குங்களா மச்சான்? ஒருத்தன் வூட்ல விளக்கு மாத்துனா ஊரே இருட்டாயிருமாங்க?"

எப்படிப் பேச்சு பாருங்கள். நான் போனை வைத்துவிட்டேன்.

பங்கு விலை காகிதம்தானே, வால்வுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த மாதம் ஆர்டர் கூடத்தான் இருந்தது. ஆனால் முப்பது வருஷமாக எங்களுக்கு இரும்பு போடுகிறவர், அப்பா காலத்திலிருந்து கடனுக்குப் போடுகிறவர், லாரியைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "கோவிச்சுக்காதீங்க, இந்தத் தடவ ரொக்கமாக் குடுத்துருங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். "பையன் போன்ல வெலையக் காட்டுனானுங்க. இப்படி எறங்குதுன்னா உள்ளார என்னமோ இருக்குதாட்ட இருக்குது."

உள்ளே ஒன்றும் இல்லை என்று சொன்னேன். ஒன்றும் இல்லை என்று சொல்வதைப் போல ஒரு மனுஷனைப் பயமுறுத்துகிற பேச்சு வேறு கிடையாது. அவர் ரொக்கம் கேட்டது தெரிந்து வார்ப்பு மண் போடுகிறவர் ரொக்கம் கேட்டார். பேங்க் மேனேஜர் ஸ்வீட் பெட்டி இல்லாமல் வந்தார். மெஷின் ஷாப்பில் இரண்டு நல்ல பையன்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். பெருந்துறையில் கூரை போடவேண்டிய கான்டிராக்டர் சாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கும் அங்கே தூண்கள் மட்டும் நிற்கின்றன. நடுவில் ஆடு மேய்கிறது. இதெல்லாம் எதனால்? ரெண்டாயிரம் பங்கினால்.

கார்வேக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை. ஒரு நாள் அவரே கூப்பிட்டார். முந்நூற்று ஐந்தில். "சார், உங்ககிட்டச் சொல்லாமப் போறது எனக்கு மனசு கேக்கல. நான் அந்த ஃபண்டை விட்டு வேற வேலைக்கு வந்துட்டேன்" என்றார்.

"அப்ப விக்கறது?"

"புதுசா வந்திருக்கிறவர் சார். நான் அறுபது கம்பெனி வச்சிருந்தேன். அவருக்கு அது ஜாஸ்தியாத் தெரியுது, முப்பது போதும்ங்கறார். பெருசுல இருந்து வரிசையா எழுதி, நடுவுல ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழ இருக்கறதையெல்லாம் விக்கறாரு."

"நாங்க?"

"நீங்க முப்பத்தொண்ணு சார்."

 அவரே மேலும் சொன்னார். "உங்க கம்பெனில ஒரு குறையும் இல்ல. அவர் உங்க கம்பெனியைப் பார்த்ததுகூட இல்ல. வால்வுன்னு தெரிஞ்சிருக்குமாங்கறதே சந்தேகம். இதுக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது சார். மனசுல வச்சுக்காதீங்க."

அம்மணி, நீங்கள் படித்தவர்கள். நீங்களே சொல்லுங்கள். இதை நம்ப முடியுமா? நான் ஏற்றின விலை அது. பன்னிரண்டு வருஷ உழைப்பு. அதை ஒருத்தன் நான் யாரென்றே தெரியாமல், ஒரு ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு இறக்கிவிடுவானா? ஏதாவது ஒரு காரணம் வேண்டாமா? நம்மேல் கோபம் என்றால்கூட ஒரு மரியாதை இருக்கிறது. கார்வே நல்லவர். உள்ளதைச் சொன்னால் என் குடும்பத்துக்குள் சண்டை வந்துவிடும் என்று, எனக்காக ஒரு பொய் சொன்னார். மாப்பிள்ளை விற்றார், அதைப் பார்த்து ஃபண்டு பயந்தது. இதுதான் நடந்தது. முதலில் யார் விற்றது என்று பாருங்கள். தேதி சொல்லும்.

எனக்கே ஒரு தடவை, இந்த முப்பத்தொன்று மட்டும் மனதில் சுற்றிக்கொண்டு வந்தது. முப்பதாவது எந்தக் கம்பெனி என்று குமரவேலைத் தேடச் சொன்னேன். குஜராத்தில் பிஸ்கட் செய்கிறவனாம். பிஸ்கட், அம்மணி.

நூற்றுப் பதினான்கு பத்து. சபாஷ். நீங்கள் இன்னும் ஒரு அரை மணி நேரம் உட்காருங்கள்.

சரி, சரி, குமரவேலுக்குப் போன் போடுகிறேன். எடுக்க மாட்டேன் என்கிறான். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான்.

கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கத் தெய்வானை தனியாக வந்தாள். வீட்டுக்கு வரவில்லை, இங்கே ஆபீஸுக்கு. நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலி. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே பத்திரிகை. நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருநூற்று எண்பது.

"அண்ணா, தட்ட வாங்கிக்கங்."

"உம்பட ஊட்டுக்காரர் பண்ணுனது உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்ங்ண்ணா. எம் புள்ள கல்யாணத்துக்கு எங்க பங்க வித்தோம். அப்பா அதுக்குத்தான எம் பேர்ல எழுதி வச்சாங்க?"

"வெல நானூறுக்குத் திரும்பட்டும். நான் சீரோட வர்றேன்."

அவள் கொஞ்ச நேரம் டிவியையே பார்த்தாள். "அதுல எங்கண்ணா பேரு எங்க வருது?" என்று கேட்டாள். மூலையைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "முகூர்த்தம் அதுக்காவ நிக்காதுங்ண்ணா" என்றாள். தட்டை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் போயிருப்பேனோ என்னவோ. அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கேட்க வேண்டியதை ஒரு தடவைதான் கேட்பாள்.

நான் போகவில்லை. ஒரு கம்பெனியை நடத்துகிறவன் ஒரு உறுதியோடு இருக்க வேண்டும். எங்கள் சித்தப்பா பையன் மாமன் முறைக்கு நின்றான். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறவன். சந்தையில் பேரே இல்லாதவன். அவன் அவசரத்துக்குத் திருப்பூரில் எடுத்த பட்டைத்தான் சிந்துஜா கட்டிக்கொண்டாளாம். நீலமாம். என் மனைவி போய்விட்டு வந்து சொன்னாள். வேறு எதுவும் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு வேறு எதுவுமே சொல்லவில்லை.

ஆனால் கேளுங்கள், இதுதான் முக்கியம். கல்யாணத்துக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, விலை ஏறியது. மூன்று வாரம் கழித்து முதல் தடவையாக ஏறியது. இருநூற்று ஐம்பதிலிருந்து இருநூற்று அறுபத்திரண்டு. ஃபண்டு கையில் இருந்ததெல்லாம் வியாழக்கிழமையோடு விற்று முடித்துவிட்டது, அதனால் நின்றுவிட்டது என்று குமரவேல் சொன்னான். அவன் அப்படித்தான் சொல்வான். நான் உறுதியாக நின்றது சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை, கல்யாண நாள், கேன்டீனில் பாயசம் போடச் சொன்னேன். முந்திரி, திராட்சை எல்லாம் போட்டு. மதியம் நானே போய் நின்றேன். மூன்று வாரம் மோர் குடித்தவர்கள், சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள். உலைக்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்து கும்பிட்டார்கள். வேலாத்தாள் கரண்டியோடு வந்து, "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா? தாய்மாமன் நீங்க மண்டபத்துல இருக்கோணும், எங்களுக்குப் பாயசம் ஊத்தோணும்னு பாதியில ஓடி வந்துட்டீங்களாட்ட இருக்குது" என்றாள். "சிந்துஜா அம்மணி நூறு வருசம் நல்லா இருக்கோணும்ங்" என்று நானூறு பேருக்கு நடுவில் நின்று சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஆமாம் என்றேன். ஒரு டம்ளர் எனக்கும் கொடுத்தாள். குடித்தேன். ரொம்ப இனிப்பு. மூன்று வாரமாகப் பாயசம் வைக்காததில் கை தவறிவிட்டது அவளுக்கு.

அதற்கடுத்த வாரம் பம்பாய் நிதி நிறுவனம் என் பங்குகளை விற்க ஆரம்பித்தது. அந்த ஒரு வரிதான். முந்நூறுக்குக் கீழே போனதும் அடமானத்துக்கு இன்னும் பங்கு கொடு என்றார்கள், கொடுத்தேன். பாயசம் போட்ட சூட்டில் மறுபடியும் ஏறும் என்று இருந்தேன். அவர்கள் பொறுக்கவில்லை. அவர்கள் விற்க விற்க விலை இறங்கியது. விலை இறங்க இறங்க அவர்கள் இன்னும் விற்றார்கள். எண்பதில் வந்து நின்றது. என் பங்கு பாதிக்கு மேல் போய்விட்டது. அதை அடிமட்டத்தில் வாங்கினது யார்? உங்கள் ஃபண்டு. அதற்கு நான் உங்களைக் குறை சொல்லவில்லை. எண்பதுக்கு வந்ததை வாங்குகிறதுதானே உங்கள் வேலை.

உங்களிடம் மொத்தம் எத்தனை கம்பெனி அம்மணி? நாற்பத்தைந்தா? நாங்கள் எத்தனையாவது?

வேண்டாம், சொல்ல வேண்டாம்.

அப்புறம் வெள்ளிக்கிழமை. ஆமாம், அதைத்தான் நீங்களும் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் இந்தச் சென்னியப்பன், நான்தான், சேர்மனாக இருக்கலாமா, வேண்டாமா என்று ஓட்டு. உங்கள் ஃபண்டு வேண்டாம் என்கிறது. வெளியிலிருந்து ஒரு நிபுணரைக் கொண்டுவருவீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் என்னுடையதும் உங்களுடையதும் ஏறக்குறைய சமம். முடிவு தெய்வானை பங்கில் இருக்கிறது. அப்பா அவள் பேரில் எழுதினதில் ரெண்டாயிரம் போக மிச்சம் எல்லாம் அப்படியே இருக்கிறது. எண்பதுக்கு வந்தபோதுகூட அவள் விற்கவில்லை. அப்பா கொடுத்தது என்று வைத்துக்கொண்டிருக்கிறாள் போல.

எனக்குத்தான் போடுவாள். அதில் சந்தேகமே இல்லை. கூடப் பிறந்தவள். கேட்டீர்களா என்கிறீர்களா? இதையெல்லாம் கேட்க வேண்டுமா? எட்டு மாதமாகப் பேச்சில்லை, வாஸ்தவம். ஆனாலும் ரத்தம் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரில் எப்படியோ தெரியாது.

என்ன சொன்னீர்கள்? இங்கிருந்து நேராகச் சூலூருக்கா? தெய்வானையைப் பார்க்கவா?

வரச் சொன்னாளா?

சரி. நல்லதுதான். இரண்டு பக்கமும் கேட்பதுதானே முறை. காபி நன்றாகப் போடுவாள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

அம்மணி, ஒரு உதவி. இந்த பீரோவைப் பாருங்கள். இதோ. பிரிக்கவே இல்லை, கடைப் பெட்டியோடு அப்படியே இருக்கிறது. அரக்குச் சிவப்பு. தொட்டுப் பாருங்கள், கை சுத்தமாகத்தானே இருக்கிறது? இப்படி ஜரிகை இப்போது நெய்வதில்லை என்று கடைக்காரன் சொன்னான். இதை நீங்கள் போகும்போது அவளிடம் கொடுத்துவிட முடியுமா? சிந்துஜாவுக்கு. ஒன்றும் சொல்ல வேண்டாம். மாமன் கொடுத்தான் என்று மட்டும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அப்படி அவளுக்குத் தோன்றினால் தோன்றட்டும், ஆனால் சம்பந்தம் இல்லை. நான் நேரில் போனால் மாப்பிள்ளை இருப்பார். நீங்கள் என்றால் மூன்றாம் மனுஷர். சீர் கொண்டுபோகக் கூடாது என்று எந்த ஃபண்டுச் சட்டத்திலும் இருக்காது. பழத்தட்டு குமரவேல் வந்ததும் வாங்கி வரச் சொல்கிறேன். இன்றைக்கு விலையும் ஏறுமுகமாக இருக்கிறது, நல்ல நேரம். பிடியுங்கள். இரண்டு கையாலும்.

ஒரு நிமிஷம்.

நூற்றுப் பன்னிரண்டு நாற்பது.

இப்போதுதானே பதினான்கில் இருந்தது? யார் விற்றது? நாற்பது பங்கு. பாருங்கள், வெறும் நாற்பது பங்கு. ஊரில் எவனோ பையனுக்குச் செருப்பு வாங்க விற்றிருப்பான்.

இப்படிக் கொடுங்கள் அம்மணி. இன்றைக்கு வேண்டாம். இறங்குகிற நேரத்தில் சீர் கொடுத்தால் நன்றாக இருக்காது. எட்டு மாதம் பொறுத்த பட்டு, இன்னும் இரண்டு நாள் பொறுக்காதா?

அதோ, குமரவேல் வண்டிச் சத்தம். சாவி வந்துவிட்டது. கதவு கொஞ்சம் பிடிக்கும், ஒருத்தரும் திறக்காததில் துரு ஏறியிருக்கும். தள்ளித் திறவுங்கள். நிதானமாகப் போய்விட்டு வாருங்கள், அவசரமே இல்லை. பெட்டியை மேஜை மேலேயே வைத்திருக்கிறேன். நீங்கள் வருவதற்குள் ஏறினாலும் ஏறும்.